வெள்ளச்சியை அனுப்பலாமா?

மக்காச்சோளத்தில் படைப்புழு, பருத்தியில் சாறு உறிஞ்சும் பூச்சி, கிணற்றில் உப்புத் தண்ணீர் என்றுதான் இந்தப் பகுதிக்குக் கடிதங்கள் வரும். இந்த முறை வந்த கட்டில் ஒரு கடிதம் மட்டும் கனமாக இருந்தது. நோட்டுத்தாளில் இரண்டு பக்கமும் எழுதி, நாலு தாள். படைப்புழுவைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. மற்றதெல்லாம் ஒரு நாயைப் பற்றி.

எழுதியவர் சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவே ஒரு கரிசல் கிராமத்தைச் சேர்ந்த பெண். கணவர் மூன்று ஏக்கர் மானாவாரியில் மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறார். இவர் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறார். வீட்டில் மாமியார், எட்டாவது படிக்கும் மகன், இரண்டு பசு, ஏழெட்டு ஆடு.

தை மாதக் கடைசியில் கண்மாய்க் கரையில், கருவேல மரத்தில் நைலான் கயிற்றால் கட்டிப்போட்டிருந்த ஒரு வெள்ளைப் பெட்டை நாயை ஆடு மேய்க்கப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். ரோஸ் மூக்கு, நீளக் கால், விலா எலும்பு எண்ணலாம்போல உடம்பு, தொங்கிப்போன மடி. ராஜபாளையம் நாய் என்பது பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. தகவல் தெரிந்து, சிவகாசியில் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் இளைஞர்கள் நாலு பேர் வந்தார்கள். மருத்துவம் பார்த்தார்கள். ‘டவுன்ல எங்களுக்கு இடமில்லக்கா. உங்ககிட்ட தொழுவம் இருக்கு. ஒரே ஒரு மாசம் வச்சிருங்க, நல்ல வீடா பாத்துக் கூட்டிட்டுப் போயிர்றோம். பேரு மட்டும் வச்சிராதீங்க, பெறகு பிரிய முடியாது’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாமியார் மறுநாளே ‘வெள்ளச்சி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு மாதம் ஏழு மாதமாகிவிட்டது. இப்போது கோயம்புத்தூரில் ஒரு குடும்பம் நாயை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. தோட்டத்தோடு வீடு, நல்ல மனிதர்கள். தீபாவளிக்கு முன்னால் கூட்டிப்போக வண்டி அனுப்புவதாகச் சொல்கிறார்கள். ‘அனுப்பினா பாவமா? அனுப்பாம வச்சுக்கிட்டா, கொடுத்த வாக்குத் தப்புனதா ஆகுமா?’ இதுதான் அந்த அம்மாவின் கேள்வி.

கேள்விக்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. அவருடைய மாமியார் தன் மூத்த மகனைப் பல வருடங்களுக்கு முன் ஒரு பயராபீஸ் விபத்தில் பறிகொடுத்தவர். இன்றைக்கும் பெரிய வெடிச்சத்தம் கேட்டால் செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அடுப்படி மூலையில் போய் உட்கார்ந்துவிடுவாராம். யாரோடும் பேசமாட்டார். நாய் வந்த இரண்டாவது வாரம் ஒரு நாள் சத்தம் கேட்டதும் அதுவும் ஓடிவந்து அதே மூலையில், அவர் சேலையை ஒட்டி நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் அங்கேதான். ‘அத்தை இப்பல்லாம் அந்த நேரத்துல நாய்கிட்ட பேசுறாங்க. இத்தனை வருஷத்துல அவங்க அப்படிப் பேசி நாங்க கேட்டதில்ல’ என்று எழுதியிருக்கிறார். கோயம்புத்தூர்ச் செய்தி வந்ததும் மாமியார் ‘அனுப்பிருங்க, எனக்கென்ன’ என்று சொல்லிவிட்டு அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். பையன் அப்பத்தாவுக்குப் பரிந்துகொண்டு அப்பாவோடு பேசுவதில்லை.

பதிலுக்குப் போகும் முன், இந்த நாய் ஏன் கண்மாய்க் கரைக்கு வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ராஜபாளையம் நாய் விருதுநகர் மாவட்டத்தின் பெருமை. சிப்பிப்பாறை நாய்க்குப் பெயர் கொடுத்த ஊரும் சாத்தூர்ப் பக்கம்தான் இருக்கிறது. 2005 ஜனவரி 9-ஆம் தேதி இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசிய பிறகு, குட்டி கேட்டு விசாரிப்பவர்கள் கூடிப்போனார்கள். கேட்பவர் கூடினால் விற்பவரும் கூடுவார். பெட்டை நாய் ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். சினைக்காலம் இரண்டு மாதம்தான். இடைவெளியே விடாமல் குட்டி எடுத்தால் ஐந்தாறு வயதில் நாய் ஓய்ந்துபோகும். பால் வற்றிய மாட்டை அடிமாட்டுக்கு விற்பவன்கூட ஒரு விலை பேசி விற்கிறான். குட்டி போடாத நாய்க்கு விலையே கிடையாது, அதனால் கயிற்றோடு கருவேல மரம். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருடத்து பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். அந்தத் தொகையை 1960-க்குப் பிறகு யாரும் தொடவில்லை.

அரசே செய்து பார்த்த கதையும் உண்டு. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறை நாட்டு நாய்களுக்காக ஒரு இனப்பெருக்கப் பிரிவை நீண்ட காலம் நடத்தியது. அங்கே நாய்களின் நிலைமை பற்றிப் புகார் எழுந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் அது மூடப்பட்டது. இருந்த நாய்களுக்கெல்லாம் வீடு தேட வேண்டியதாயிற்று.

இப்படி மீட்கப்படும் நாய்களை, நிரந்தர வீடு கிடைக்கும்வரை ஒரு குடும்பம் வைத்துப் பார்த்துக்கொள்வதை நகரத்தில் ‘ஃபாஸ்டர்’ என்கிறார்கள். கிராமத்துக்கு இது ஒன்றும் புதிதல்ல. இன்னொருவர் ஆட்டை வாரத்துக்கு வாங்கி வளர்த்து, குட்டியில் பங்கு பிரித்துக்கொள்வது காலங்காலமாக நடக்கிறது. வளர்த்த காளையைச் சந்தைக்கு ஓட்டும் அன்றைக்கு வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வராமல் உள்ளே இருந்துகொள்வதும் நடக்கிறது. ஆனால் வாரத்தில் ஒரு கணக்கு உண்டு. பிரியும்போது கைக்கு ஒன்று வரும், அது பள்ளிக்கூடத்துக்கோ கடனுக்கோ போகும். மனசு அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு ஆறிக்கொள்ளும். மீட்ட நாயை வளர்த்துக் கொடுப்பதில் அந்தப் பிடிமானம் இல்லை. செலவு நம்முடையது, ராத்திரி முழிப்பு நம்முடையது, கடைசியில் கை வெறுங்கை. ‘நாய்க்குப் போயா அழுகுற?’ என்று பக்கத்து வீட்டில் ஒருவர் கேட்டும்விடுவார். செத்த வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்பிவைத்த நாய்க்காக துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை.

இது வெறும் மனப்பிரமை இல்லை. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று 2015-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் இடையில் வேலை செய்கிற அதே சுரப்பு. பேர் வைக்காமல் இருந்தால் பாசம் வராது என்று சொன்ன பையன்களுக்கு நாய் வளர்த்த அனுபவம் போதாது என்றுதான் சொல்ல வேண்டும். சோறு வைத்த கையோடு பாசம் வந்துவிடும், பேர் பிறகுதான் வரும்.

சரி, வெள்ளச்சியை அனுப்பலாமா?

முதலில் ஒன்று நிச்சயம். தீபாவளிக்கு முன் அனுப்பக் கூடாது. கோயம்புத்தூர்க்காரர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள், சிவகாசிப் பக்கத்துச் சத்தத்திலிருந்து காப்பாற்றலாம் என்று. ஆனால் தீபாவளி எல்லா ஊருக்கும்தான் வருகிறது. புது வீட்டில் மூலை முடுக்கு தெரியாது, மனிதர் வாசனை பழகியிருக்காது. அந்த நேரத்தில் சரம் சரமாக வெடித்தால் நாய் கேட்டைத் தாண்டி ஓடிவிடும். ஓடிய நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது. புது இடத்துக்குப் போன நாய் முதல் மூன்று நாள் மிரண்டே இருக்கும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், ‘இது என் வீடு’ என்று நினைக்க மூன்று மாதம் ஆகும் என்பது மீட்பு வேலை செய்பவர்களிடம் உள்ள ஒரு தோராயக் கணக்கு. ராஜபாளையம் சட்டென்று புது ஆட்களிடம் ஒட்டாத ஜாதி, அதற்கு இன்னும் கூடவே ஆகலாம். அதனால் போவதாக இருந்தாலும் திருக்கார்த்திகை வெடியும் முடிந்த பிறகு போகட்டும்.

அடுத்தது, அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்பது. இங்கே பாவ புண்ணியத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நாயைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் பிரியம் இருக்கிறது, அதில் குறையில்லை. குறை ஊரில் இருக்கிறது. வருடம் முழுக்க எங்கேயாவது சரக்கு வெடித்துப் பார்க்கும் சத்தம் கேட்கிற பூமி இது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க் காது 45,000 வரை போகும். நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் பட்டாசுச் சத்தம் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அது மனிதரை வைத்துப் போட்ட அளவு.

வயலில் பூச்சி எத்தனை என்று எண்ணிப் பார்க்காமல் மருந்தடிக்கக் கூடாது என்று இதே பக்கத்தில் பலமுறை வந்திருக்கிறது. அதே முறைதான் இதற்கும். பையனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து ஒரு மாதம் எழுதச் சொல்லலாம். எந்தத் தேதி, எத்தனை மணிக்குச் சத்தம், நாய் எவ்வளவு நேரம் மூலையில் இருந்தது, வெளியே வந்ததும் சாப்பிட்டதா. அரை மணி, முக்கால் மணியில் எழுந்து வந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுச் சோற்றில் வாய் வைத்தால், பயம் இருந்தாலும் அது சமாளித்துக்கொள்கிறது என்று அர்த்தம். மாமியாரின் சேலையும் அந்த மூலையும் அதற்குப் போதும். அந்த நிலையில் அதைப் பிடுங்கி இன்னொரு ஊருக்கு அனுப்புவதில் நாய்க்கு ஒரு லாபமும் இல்லை. வீடு தேடுகிறோம் என்று பையன்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கலாம், வீடு கிடைத்து ஏழு மாதம் ஆகிவிட்டது.

மாறாக, ஒரு வெடிக்கு மறுநாள் வரை சாப்பிடவில்லை, எச்சில் ஒழுக மூச்சு வாங்குகிறது, கதவைப் பிறாண்டி நகம் கிழிந்து ரத்தம் வருகிறது, இருந்த இடத்திலேயே மூத்திரம் போகிறது, மாதம் போகப் போக இது கூடுகிறது என்றால், எவ்வளவு பிரியம் இருந்தாலும் அந்தக் கிராமம் அதற்கு ஆன இடம் இல்லை. அப்போது அனுப்புவதுதான் சரி. மாமியாரிடமும் அதை அப்படியே சொல்ல வேண்டும். ‘செலவு, வாக்கு’ என்று சுற்றி வளைக்காமல், ‘இந்தச் சத்தம் அதுக்குத் தாங்கல அத்தை’ என்றால் அவருக்குப் புரியாமல் போகாது. அந்த வீட்டில் அதை முதலில் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர்தான்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், கோயம்புத்தூர்க் குடும்பத்துக்கு அந்த வாரமே சொல்லிவிட வேண்டும். அவர்களும் ஒரு நாய்க்காகக் காத்திருக்கிறார்கள், இந்த மாவட்டத்திலேயே இன்னொரு வெள்ளச்சி எங்கோ கட்டப்பட்டுத்தான் இருக்கும். வாக்குத் தப்பியதாக நினைக்க வேண்டியதில்லை. தற்காலிகமாக வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்பவர்களை மீட்பு வேலை செய்பவர்கள் ‘தோத்துட்டாங்க’ என்று கேலியாகச் சொல்வதுண்டு, சொல்லும்போதே சந்தோஷமாகத்தான் சொல்வார்கள். அதோடு வயதான பெட்டைக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும். செய்யாவிட்டால் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதும் மடியில் கட்டி வருவதும் இந்த வயதில் சாதாரணம். செலவு பயந்தால் அந்த இளைஞர்களிடமே கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை.

இன்னொன்றையும் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும். வெள்ளச்சிக்கு ஆறு வயது என்று வைத்தால் இன்னும் நாலைந்து வருடம். மாமியார் இருக்கும்போதே அது போய்ச் சேரலாம். ஏற்கெனவே ஒரு பிள்ளையைக் கொடுத்தவருக்கு இன்னொரு சாவு எதற்கு என்று மகன் நினைப்பது கடிதத்திலேயே தெரிகிறது. அந்த நினைப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த முடிவை அவர் சார்பில் மற்றவர்கள் எடுக்கக் கூடாது. ‘எனக்கென்ன’ என்று சொன்னவரிடம் இன்னொரு தடவை, யாரும் இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அனுப்புவதென்றால் எப்படி அனுப்புவது என்பது முக்கியம். பையன் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது சத்தமில்லாமல் வண்டி ஏற்றிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. கன்றுக்குட்டியை விற்பதும் அப்படித்தான். பிள்ளை அழாது என்று நினைத்துச் செய்கிறோம். அன்றைக்கு அழாது, ஆனால் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதெல்லாம் தொழுவத்தைத்தான் முதலில் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள், அவன் கையாலேயே கயிற்றைக் கொடுக்கட்டும், மாமியாரும் வாசலில் இருக்கட்டும். நாய் படுத்த சாக்கைத் துவைக்காமல் அப்படியே கூட அனுப்ப வேண்டும், அந்த வாசனைதான் அதற்குத் துணை. என்ன சாப்பிடும், எத்தனை மணிக்கு, எதற்குப் பயப்படும், எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். பையன் எழுதிய நோட்டு இருந்தால் அதைவிட நல்ல தாள் கிடையாது.

போன இடத்தில் இரண்டு மூன்று நாள் அது சாப்பிடாமல் இருக்கலாம். அதைக் கேட்டதும் ‘திருப்பிக் கொண்டாந்துருங்க’ என்று அழைக்கத் தோன்றும். பொறுக்க வேண்டும். போன மறுநாளே போனில் முகம் பார்க்கிறேன், குரல் கொடுக்கிறேன் என்று கிளம்பினால், பழகப் பார்க்கும் நாய் மறுபடி குழம்பும். செய்தியை மட்டும் கேட்டுக்கொண்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துப் படம் பார்க்கலாம். வாலை ஆட்டிக்கொண்டு வேறொரு வீட்டு வாசலில் அது படுத்திருப்பதைப் பார்க்கும்போது, சந்தோஷத்தோடு சின்னதாக ஒரு பொறாமையும் வரும். வந்தால் வரட்டும், அதில் அசிங்கமில்லை.

வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று அடுத்த வாரமே அந்த இளைஞர்கள் இன்னொரு நாயைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நல்ல மனசுக்காரர்கள் என்று தெரிந்தால் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ‘இப்ப முடியாதுப்பா’ என்று சொல்ல அந்த அம்மாவுக்கு உரிமை உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக அடிபட்டதையும் நோய் வந்ததையும் பார்த்துப் பார்த்து, சோறு வைக்கும்போதே எரிச்சல் வரும் அளவுக்குக் களைத்துப்போனவர்கள் இந்த வேலையில் நிறைய. கேட்டு வருகிறவர்களும் ஒன்று செய்ய வேண்டும். ‘ஒரே ஒரு மாசம்’ என்று வாயில் வந்ததைச் சொல்லாமல், எந்தத் தேதிவரை, மருந்துச் செலவு யாருடையது, வீடு கிடைக்காவிட்டால் என்ன என்று முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்தக் குடும்பத்தின் பாதிச் சங்கடம் அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது.

எதுவானாலும் வரும் தீபாவளி வெள்ளச்சிக்கு இந்த வீட்டில்தான். அன்றைக்குச் செய்ய வேண்டியவை: தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6-7, இரவு 7-8 என்று வெடிக்க நேரம் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தை எல்லோரும் மதிப்பதில்லை என்பது தெரிந்ததுதான். அதனால் பொழுது சாயும் முன்பே வெளியே கூட்டிப்போய்விட்டு, சோறும் வைத்துவிட வேண்டும். அடுப்படி ஜன்னலைச் சாத்தி, சாக்குத் தொங்கவிட்டு, ரேடியோவோ டிவியோ ஓடவிடலாம். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதியிருக்க வேண்டும். மூலைக்குள் போனால் போகட்டும், இழுத்து வெளியே கொண்டுவரக் கூடாது. தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்று சிலர் சொல்வது தவறு, தாராளமாகத் தடவிக் கொடுக்கலாம். மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை கொடுப்பது ஆபத்து. சில மாத்திரைகள் உடம்பை மட்டும் கட்டிப்போடும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். ரொம்பப் பயப்படும் நாய்க்கு நல்ல மருந்துகள் உண்டு, கால்நடை மருத்துவரிடம் பத்து நாள் முன்பே போய்க் கேட்க வேண்டும். வெடிக்காத பட்டாசையும் மருந்துத் தாளையும் நாய் கடிக்காமல் மறுநாள் காலை வாசலைக் கூட்டிவிட வேண்டும், அதில் உள்ள ரசாயனம் விஷம்.

பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக்கொண்டால் கேட்பார்களா என்று தயங்க வேண்டாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகப் பல வருடங்களாகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. சிவகாசிப் பக்கம் வெடி வேண்டாம் என்று சொன்னால் சோற்றில் மண் போட்டதாகும், அது வேறு விஷயம். ‘எங்க வாசல்ல மட்டும் ஆட்டம்பாம் வேணாம்யா’ என்று தெருப் பிள்ளைகளிடம் கேட்கலாம்.

அந்தக் கடிதத்தின் கடைசி வரிக்கு: படைப்புழு விதைத்த 15-20 நாளிலேயே குருத்தில் தெரியும். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சி நடமாட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தாக்குதல் தெரிந்தால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. மருந்தை லிட்டருக்கு 0.4 கிராம் வீதம் கலந்து, கைத்தெளிப்பானால் குருத்துக்குள் இறங்கும்படி அடிக்க வேண்டும். அடுத்த பருவத்துக்குக் கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போட்டால் மண்ணிலிருக்கும் கூட்டுப்புழு குறையும். மருந்தடித்த அன்று வெள்ளச்சியைக் காட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

ராஜபாளையம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி: தெரிந்தவர் வீட்டில் போட்ட ஆறு குட்டிகளில் ஒன்றுக்குக் காது கேட்கவில்லை என்று தூக்கிப்போடப் போனார்களாம், பாவமென்று வாங்கி வந்துவிட்டார். காவலுக்கு உதவாத நாயை எதற்கு என்று வீட்டில் சண்டை. குட்டியைப் பார்க்கும்போதெல்லாம் தனக்கே துக்கமாக இருக்கிறது என்கிறார்.

துக்கப்படுவது அவர்தான், குட்டிக்குத் தெரியாது. வெள்ளை நிறமும் ரோஸ் மூக்கும் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து, நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே சேர்த்ததில், ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி வருகிறது. தூங்கும்போது பின்னாலிருந்து தட்டைத் தட்டிப் பார்த்தால் உறுதியாகும். தட்டை அதன் பார்வையில் படாமலும், தரை அதிராமலும் தட்ட வேண்டும். செவிட்டு நாயைக் கைச் சைகையால் பழக்கலாம், கூப்பிடத் தரையில் காலால் தட்டினால் போதும். மூக்கு நன்றாக இருப்பதால் ராத்திரி ஆள் நடமாட்டம் ஓரளவு அதற்கும் தெரியும். தூங்கும்போது திடீரென்று தொடக் கூடாது, மிரண்டு கடித்துவிடும். ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்காது, அதனால் அவிழ்த்துவிடக் கூடாது. பெரிதானதும் இதிலிருந்து குட்டி எடுக்கவே கூடாது. தீபாவளி அன்று அந்தத் தெருவிலேயே நிம்மதியாகத் தூங்கும் ஒரே நாய் இதுவாகத்தான் இருக்கும்.

திருத்தங்கல் பக்கத்திலிருந்து ஒரு அப்பா: ரோட்டோரம் கிடந்த குட்டியைப் பத்து வயது மகள் எடுத்து வந்து வளர்க்கிறாள். நாலு நாள் முன்பு அது அவள் விரலைக் கடித்திருக்கிறது. சொன்னால் குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று மஞ்சள் பூசி மறைத்துவிட்டாள். குட்டி நன்றாகத்தான் இருக்கிறது, ஊசி போட வேண்டுமா என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விக்குத் தபாலில் பதில் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அவருக்கு அன்றே போனில் தகவல் சொல்லப்பட்டுவிட்டது. மற்றவர்களுக்காக: வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது, வருவதற்கு முன்னால் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. நேராக ஆரம்ப சுகாதார நிலையம், ஊசி இலவசம். நாலு நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது, இன்றைக்குப் போனாலும் போட வேண்டும். ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும், மருத்துவர் சொல்வார். குட்டியை அடிக்கவோ விரட்டவோ வேண்டாம். கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்க வேண்டும். அது ஓடிப்போய்விட்டால் பார்க்க வழியில்லாமல் போகும். மூன்று மாதம் ஆனதும் குட்டிக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். அந்தச் சிறுமியிடம் ‘சொன்னதால நாய்க்குட்டி எங்கயும் போகாது’ என்று முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கடியையும் மறைப்பாள். முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து, 3, 7, 28-ஆம் நாட்களில் அடுத்தடுத்த ஊசிகள். பலர் விட்டுவிடுவது 28-ஆம் நாள் ஊசியைத்தான், அதனால் ஊசிச் சீட்டை வாங்கி வந்ததும் நாலு தேதியையும் காலண்டரில் வட்டம் போட்டுவிட வேண்டும்.